காணொளி தொகுக்க மடிக்கணினி: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும். "அண்ணா, எடிட்டிங் பண்ண எந்த லேப்டாப் வாங்கலாம்?"

கிள்ளான் வட்டாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா எனக் காணொளிகளைத் தொகுத்து வருகிறேன். என்னிடம் கேட்பவர்களில் சிலர் யூடியூப் அலைவரிசை தொடங்க நினைக்கும் மாணவர்கள். சிலர் வார இறுதியில் திருமணப் படம் எடுத்துக் கூடுதல் வருமானம் பார்க்க விரும்பும் இளைஞர்கள். எல்லாரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கேமராவில் எடுக்கப் போகிறீர்கள்?"

கேமராவில் தொடங்குங்கள்

கைப்பேசியும் கேமராவும் காணொளியைச் சுருக்கித்தான் சேமிக்கின்றன. வினாடிக்கு 25 படங்கள் என்றால் 25-ம் முழுதாகப் பதிவாவதில்லை. ஒரு படம் முழுதாகவும், அடுத்து வரும் படங்களில் மாறிய பகுதி மட்டுமே சுருக்கமாகவும் பதிவாகும். கோப்பு சிறிதாகிவிடும். ஆனால், தொகுக்கும்போது கணினி ஒவ்வொரு படத்தையும் மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். அந்த வேலைக்கென்றே ஒரு பகுதி சில்லுக்குள் இருந்தால் காணொளி சீராக ஓடும். இல்லாவிட்டால் திக்கித் திக்கி நகரும்.

எச்.264 முறையில் 8-பிட் நிறத்தில் பதிவாகும் காணொளியை இன்றைய கணினிகள் பெரும்பாலும் எளிதாகக் கையாளும். சிக்கல் வருவது புதிய மிரர்லெஸ் கேமராக்கள் தரும் எச்.265, 10-பிட், 4:2:2 வகையில்தான். இதை இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த உள்ளமை கிராஃபிக்ஸ் கையாளும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளும் கையாளும். என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் முதன்முதலில் இதற்கு வழி செய்தது. அதனால், விலை கூடிய கேமிங் மடிக்கணினி இந்தக் காணொளியில் திணறுவதும், விலை குறைந்த இன்டெல் கணினி அதே காணொளியைச் சுலபமாக ஓட்டுவதும் நடக்கிற கதைதான்.

அட்டையில் இல்லாத எண்கள்

நினைவகம், அதாவது ரேம், 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. 4கே காணொளியில் நிறத் திருத்தமும் எழுத்து அசைவும் சேர்ப்பவர்களுக்கு 32 ஜிபி நல்லது. பின்னாளில் கூட்ட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். மேக்புக்குகளிலும் மெல்லிய விண்டோஸ் கணினிகள் பலவற்றிலும் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரை.

கிராஃபிக்ஸ் அட்டையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்றே 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு மின்திறனில் வருகிறது. பெயர் ஒன்று, வேகம் வேறு. அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் தேடிப் பாருங்கள்.

திரையும் முக்கியம். எஸ்ஆர்ஜிபி நிற அளவு 100 விழுக்காடு உள்ள திரையைக் கேளுங்கள். மலிவான கேமிங் கணினிகள் சிலவற்றில் நிறம் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தைக் கூட்டி அனுப்புவீர்கள். வீட்டார் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது அரக்குப் பட்டு எரியும் சிவப்பாகவும், மணப்பெண்ணின் முகம் மஞ்சள் அப்பியதாகவும் தெரியும்.

ஒரு கல்யாணம், 360 ஜிபி

வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காணொளி ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராக்கள் ஆளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. 512 ஜிபி கொண்ட கணினியில் ஒரு கல்யாணமே அடங்காத நிலை வரும், ஏனெனில் விண்டோஸும் மென்பொருளும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும். எனவே உள்ளே 1 டிபி, வெளியே இரண்டு தனித்தனி வன்தட்டுகள். இந்தச் செலவைக் கணினியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

சங்கிலி கழுத்தில் இருக்கட்டும்

என் அக்கா மகன் டிப்ளோமா படிக்கிறான். அவன் அப்பா தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். சென்ற ஆண்டு 7,500 ரிங்கிட் கேமிங் மடிக்கணினி ஒன்றில் மனம் வைத்துவிட்டான். "மாமா, இது இல்லாம வேலையே பண்ண முடியாது" என்றான். அக்கா தன் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார்.

அவன் எடுத்த காணொளிகளைக் காட்டச் சொன்னேன். பாதி கைப்பேசியில் எடுத்தது, மீதி 8-பிட் மட்டுமே பதியும் பழைய கேமராவில் எடுத்தது. அதற்கு 4,000 ரிங்கிட்டுக்குள் ஒரு கணினி போதும் என்று முடிவானது. 16 ஜிபி ரேம், கூட்டிக்கொள்ள இன்னோர் இடம், நல்ல திரை. வன்தட்டுகள் இரண்டையும் அவனே பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கினான்.

கனமான காணொளி வரும்போது 'புராக்ஸி' முறையைக் கையாள்கிறான். மென்பொருள் அசல் கோப்புக்கு ஒரு சிறிய நகலை உருவாக்கும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும். முடிவில் அசலிலிருந்து படம் வெளிவரும். அவன் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி இருக்கிறது.

நான்காவது மாதம் ஒரு வன்தட்டு மேசையிலிருந்து விழுந்து இயங்காமல் போனது. அதில் இருந்தது ஒரு குடும்பத்தின் திருமணம். மணமகனின் பாட்டி அட்சதை போட்டு வாழ்த்திய காட்சியும் அதில் இருந்தது. இரண்டாவது வன்தட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தன. 7,500 ரிங்கிட்டையும் கணினியிலேயே போட்டிருந்தால் அந்த இரண்டாவது வன்தட்டு வந்திருக்காது. தாலி கட்டும் நொடியை எந்தக் கணினியாலும் திரும்ப எடுத்துத் தர முடியாது.

வாங்கும் நாளில்

லோ யாட் பிளாசாவுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும்போது, நீங்களே எடுத்த காணொளியை ஒரு யூஎஸ்பி எஸ்எஸ்டியில் கொண்டுபோங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கேமிங் மடிக்கணினிகள் பல மின்கலத்தில் வேகம் குறைந்துவிடும். விசிறியின் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பழைய கணினியும் மோசமான தேர்வு இல்லை. 2021இல் வந்த எம்1 புரோ மேக்புக் புரோவில் எஸ்டி அட்டைச் செருகியும், காணொளிக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. வாங்கும் முன் மின்கலம் எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்பதைக் கணினியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் கணினி, வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிக் கழிவில் அடங்கும். புத்தகம், இணையக் கட்டணம் போன்றவையும் அதே தொகைக்குள்தான் வரும். தொழிலுக்கென்று வாங்கினால் இந்தக் கழிவு பொருந்தாது. ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

தவணைத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: என் கேமரா எது, மாதம் எத்தனை மணி நேரம் எடுப்பேன், அதில் எவ்வளவு வருமானம் வரும். மூன்றுக்கும் விடை இருந்தால் எந்தக் கணினி என்பது கடைக்காரர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.