செர்மாட் பள்ளத்தாக்கின் பழைய நிலவரைபடங்கள்: உயரமும் பனியும்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் இன்று பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற பள்ளத்தாக்காகும். அதனைச் சூழ்ந்த பனியாறுகளின் முன்னைய பரப்பை அறிய, 19ஆம் நூற்றாண்டு நிலவரைபடங்களே முதன்மைச் சான்றுகளாகின்றன. அச்சான்றுகளைக் கையாளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தூஃபூர் வரைபடம் 1845 முதல் 1865 வரை, 1:100,000 அளவையில், 25 தாள்களாக வெளிவந்தது. இதில் மலைச்சரிவுகள் நுண்கீற்றுகளால் காட்டப்பட்டன. கீற்றுகள் மலையின் வடிவத்தைக் கண்முன் நிறுத்துமேயன்றி, ஒவ்வோரிடத்தின் உயரத்தையும் கணக்கிட உதவா. 1870 முதல் வெளிவந்த சீக்ஃப்ரீட் வரைபடம் இக்குறையைச் சமவுயரக் கோடுகளால் நீக்கியது. மலைப்பகுதித் தாள்கள் 1:50,000 அளவையில், 30 மீட்டர் இடைவெளிக் கோடுகளுடன் அமைந்தன. ஆதலின் பனியின் பரப்பை மட்டுமன்றி, அதன் மேற்பரப்பு உயரத்தையும் இன்றைய படங்களோடு ஒப்பிட இயலும்.

இவ்வொப்பீட்டில் ஓர் இடர் உண்டு. சுவிட்சர்லாந்தின் உயரங்கள் அனைத்தும் ஜெனீவா ஏரியிலுள்ள பியேர் டு நிட்டோன் என்னும் பாறையை அடிப்படையாகக் கொண்டவை. அப்பாறையின் உயரம் முன்னர் 376.86 மீட்டர் எனக் கொள்ளப்பட்டது. 1902இல் அது 373.6 மீட்டராகத் திருத்தப்பட்டது. அதனால் நாட்டின் எல்லா உயரங்களும் ஏட்டளவில் 3.26 மீட்டர் குறைந்தன. பழைய நூல்கள் 4638 மீட்டர் எனக் குறித்த தூஃபூர் சிகரம் இன்று 4634 மீட்டர் எனப்படுவதற்கு இத்திருத்தமே முதன்மைக் காரணம், சிகரம் தாழவில்லை.

இதனைக் கருதாது 10 சதுர கிலோமீட்டர் பனிப்பரப்பை ஒப்பிடுவோமாயின், உருகாத 3.26 கோடி கன மீட்டர் பனி உருகியதாகக் கணக்கில் ஏறிவிடும். இப்பள்ளத்தாக்கின் உருகுநீர் கிராண்ட் டிக்ஸான்ஸ் நீர்மின் திட்டத்திற்குப் பயன்படுவதால், இப்பிழை ஏட்டோடு நின்றுவிடுவதன்று.

ஆகவே மூன்றனை முதற்கண் உறுதிசெய்தல் வேண்டும். முதலாவது, அச்சிட்ட ஆண்டன்று, களத்தில் அளந்த ஆண்டு. இரண்டாவது, உயரங்களின் அடிப்படை. மூன்றாவது, அளவை தரும் நுண்மையின் எல்லை; 1:50,000 படத்தில் 1 மில்லிமீட்டர் நிலத்தில் 50 மீட்டராகும். கோர்னர் பனியாற்றின் முனை 2 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியுள்ளமை இவ்வெல்லைகளை எளிதில் விஞ்சுவதால் ஐயத்திற்கு இடமற்றது. சில மீட்டர் அளவிலான உயர வேறுபாடுகளோ, மேற்கண்ட திருத்தங்களுக்குப் பின்னரே சான்றாகக் கொள்ளத்தக்கன.