சீனா வாய் திறந்த கதை

காகிதத்தையும் அச்சுக் கலையையும் உலகத்துக்கு முதன்முதலில் அளித்த தேசம் சீனா. ஆயினும் அத்தேசத்து ஜனங்கள் தங்கள் குறைகளைத் தாங்களே அச்சிட்டுப் படிப்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் அங்கே செய்தித்தாளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சக்கரவர்த்தியின் கட்டளைகளையும், உத்தியோகஸ்தர்களின் நியமனங்களையும், மாகாணங்களிலிருந்து வந்த விண்ணப்பங்களையும் தாங்கிய அரசவைத் தாள் நெடுங்காலமாக வழங்கி வந்தது. ஐரோப்பியர் அதனைப் 'பீகிங் கெஜட்' என்று அழைத்தனர். அதில் சக்கரவர்த்தி பேசுவார், அதிகாரிகள் பேசுவார்கள், குடிமக்கள் மட்டும் பேசமாட்டார்கள்.

ஒரு வழக்கும் ஒரு பத்திரிகையும்

1872-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி, ஷாங்காய் நகரில் 'ஷென் பாவ்' என்ற பத்திரிகை தோன்றியது. முதல் போட்டவர் எர்னஸ்ட் மேஜர் என்னும் ஆங்கில வர்த்தகர். எழுதியவர்களோ சீனப் புலவர்கள். கப்பல் வரவும் சரக்கு விலையும் அச்சிட்டு வந்த அப்பத்திரிகையை ஜனங்கள் தங்களுடையதாகக் கருதுவதற்கு ஒரு கொலை வழக்கு காரணமாயிற்று.

செக்கியாங் மாகாணத்தில் யாங் நாய்-வூ என்ற படித்த மனிதர் மீது, அயலான் ஒருவனை அவன் மனைவியோடு கூடி விஷம் வைத்துக் கொன்றதாக 1873-ல் குற்றம் சாட்டப்பட்டது. சித்திரவதை தாங்காமல் இருவரும் 'ஆம்' என்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 'ஷென் பாவ்' இவ்வழக்கை விடாமல் தொடர்ந்து எழுதியது. சித்திரவதையால் வாங்கிய வாக்குமூலம் உண்மையாகுமா என்று கேட்டது. யாங்கின் தமக்கையும் மனைவியும் தலைநகருக்குப் போய் முறையிட்டார்கள். கடைசியில் இறந்தவனுடைய சவப்பெட்டியையே பீகிங்குக்குக் கொண்டுவந்து சோதித்ததில், விஷத்தின் அடையாளம் இல்லை என்று தெரிந்தது. 1877-ல் இருவரும் விடுதலையானார்கள். மாகாண அதிபதி உட்படப் பல அதிகாரிகள் பதவி இழந்தனர். நீதி மன்றத்தின் கதவுக்குள் நடப்பதை ஊரார் படித்து நியாயம் பேசலாம் என்பது சீனருக்கு அன்றுதான் விளங்கியது.

1884-ல் அதே ஸ்தாபனம் கல்லச்சில் படப் பத்திரிகை ஒன்றையும் பத்து நாளுக்கு ஒரு முறை வெளியிடலாயிற்று. எழுத்தறியாதவர்களும் பிரெஞ்சு யுத்தத்தின் காட்சிகளைக் கண்ணால் பார்த்தார்கள்.

நாடு கடந்த பேனா

1895-ல் சிறிய ஜப்பானிடம் பெரிய சீனா தோற்றது. அந்த அவமானத்தில் பிறந்தவை சீர்திருத்தப் பத்திரிகைகள். 1896-ல் ஷாங்காயில் தொடங்கிய பத்திரிகை ஒன்றில் லியாங் சீ-சாவ் எழுதிய கட்டுரைகள் தேசத்தைக் கலக்கின. அப்போது அவருக்கு வயது 23. பண்டித நடையின் முடிச்சுகளை அவிழ்த்து, தெளிவும் வேகமும் கொண்ட புது நடையை அவர் வகுத்தார். 1898-ல் சீர்திருத்த முயற்சி நூறு நாளில் நசுக்கப்படவே, ஜப்பானுக்குத் தப்பிச் சென்று அங்கிருந்து எழுதினார். தடை செய்யப்பட்ட அவருடைய பத்திரிகைகள் துறைமுகங்களின் வழியே இரகசியமாக உள்ளே வந்தன. பெற்றோருக்குத் தெரியாமல் மாணவர்கள் அவற்றைப் படித்தார்கள்.

பெண்களும் பின்தங்கவில்லை. சியு சின் என்ற வீரமாது 1907-ல் பெண்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். இரண்டே இதழ்கள் வந்தன. அவ்வருஷம் ஜூலை மாதத்தில், புரட்சிக் குற்றத்துக்காக அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

1915-ல் சென் டூ-சியூ ஆரம்பித்த 'புதிய இளைஞன்' மொழியிலேயே கை வைத்தது. பேசும் மொழியில்தான் எழுத வேண்டும் என்று அது வாதாடியது. லூ சுன் என்ற பேராசிரியரின் முதல் பேச்சுமொழிக் கதை 1918-ல் அதில்தான் வந்தது. 1920-ல் ஆரம்பப் பள்ளிப் பாடங்களைப் பேச்சுமொழியில் அமைக்கும்படி கல்வி இலாகாவே உத்தரவிட்டது. பத்திரிகையில் எழுந்த வாதம் சில வருஷங்களில் பள்ளிக்கூடப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

யாருடைய நிழல்?

இங்கே மனத்தை உறுத்தும் உண்மை ஒன்று உண்டு. இப்பத்திரிகைகளிற் பல, ஷாங்காயில் அந்நியர் ஆண்ட பகுதியிலேதான் பிழைத்திருந்தன. 1903-ல் 'சூ பாவ்' பத்திரிகை மஞ்சு அரசைத் தாக்கியபோது, எழுதியவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி அரசு கேட்டது. அந்நியர் மறுத்தனர். தன் மண்ணிலே, தன் பிரஜைகளின் மேலேயே, அந்நியர் செல்வாக்குள்ள நியாயஸ்தலத்தில் சீன அரசு வாதியாக நிற்க நேர்ந்தது! உயிர் தப்பிய இளைஞர் ஸௌ ருங், சிறையிலேயே 1905-ல் இறந்தார்.

அப்படியானால் சுதேச அரசு வந்தபின் பேனாவுக்குப் பயம் நீங்கியதா? 1911-ல் புரட்சி வென்றது; முடியாட்சி வீழ்ந்தது. ஆனால் 1926-ம் வருஷத்தில் மட்டும், பீகிங்கில் படைத் தலைவர்கள் ஷாவ் பியாவ்-பிங், லின் பாய்-ஷுய் என்ற இரு பத்திராதிபர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அரசாங்கத்தைக் கண்டித்து வந்த 'ஷென் பாவ்' அதிபர் ஷீ லியாங்-ட்சாய், 1934 நவம்பரில் ஹாங்சௌவிலிருந்து மோட்டாரில் திரும்பும் வழியில் சியாங் கே-ஷேக்கின் இரகசியப் படையினரால் கொல்லப்பட்டார்.

1943 பிப்ரவரியில் ஹோனான் மாகாணத்துப் பஞ்சத்தின் கோரத்தை 'டா குங் பாவ்' வெளியிட்டது. ஜனங்கள் மரப்பட்டையைத் தின்று மடிகையில் தானிய வரி வசூலாவதையும், தலைநகரான சுங்கிங்கில் பணக்காரர் சுகித்திருப்பதையும் எடுத்துக் காட்டியது. அரசாங்கம் பஞ்சத்தை நிறுத்துவதற்கு முன் பத்திரிகையை நிறுத்தியது. மூன்று நாள் அது வெளிவரவில்லை. ஜப்பானியரை எதிர்த்து ஊர் ஊராக இடம் பெயர்ந்து, குண்டு மாரிக்கிடையே அச்சடித்து வந்த தேசபக்தப் பத்திரிகை அது என்பதை மறக்கக் கூடாது.

அந்நியனை விரட்டுவது சுதந்திரத்தின் பாதிதான். தன் சொந்த அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே 'இங்கே ஜனங்கள் பட்டினியால் சாகிறார்கள்' என்று அச்சிட்டுச் சொல்லவும், சொன்னவன் மறுநாளும் தன் மேஜைக்கு வந்து உட்காரவும் முடிகின்ற இடத்தில்தான் மற்றப் பாதி இருக்கிறது. 'ஷென் பாவ்' 77 வருஷம் நடந்து, 1949 மே மாதத்தில் நின்றது. அதன் பழைய ஏடுகளைப் புரட்டுகிறவர்கள், அந்த மற்றப் பாதிக்காகச் சீனர் பட்ட பாட்டை வரிக்கு வரி காணலாம்.