ஒரு லட்சம் சீட் போதாதா? கல்லூரி ஸ்டேடியங்களின் மலைக்க வைக்கும் கதை தெரியுமா?

வருடத்துக்கு ஆறேழு சனிக்கிழமைகள். அவ்வளவுதான் ஆட்டம்! அதற்காக ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தை ஒரு கல்லூரி கட்டி வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அப்படி ஒன்றல்ல, எட்டு இருக்கின்றன. மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம், லூசியானா ஸ்டேட், டென்னசி, டெக்சாஸ், அலபாமா என எட்டும் பல்கலைக்கழக மைதானங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான் ஆட்டம். அதையே தொழிலாக ஆடும் என்.எஃப்.எல். அணிகளில் ஒன்றுக்குக்கூட வழக்கமான ஆட்ட நாளில் ஒரு லட்சம் சீட் கிடையாது!

அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரின் மக்கள்தொகையே ஏறக்குறைய ஒரு லட்சம். ஊரில் இருக்கும் அத்தனை பேரும், கைக்குழந்தை உட்பட, வந்து உட்கார்ந்தாலும் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் இடம் இருக்கும். அப்படியிருந்தும் இந்த ஊர்களில் எல்லாம் விடாமல் ஓடும் ஒரு விவாதம் உண்டு: இன்னும் சீட் போடலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1920களின் தொடக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அறுபதாயிரத்துக்கும் மேல் பேர் உட்காரும் குதிரைலாட வடிவ ஸ்டேடியம் கட்டப்போவதாகச் சொன்னபோது, இத்தனை பெரியதை எப்படி நிரப்புவீர்கள் என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஹோவர்ட் ட்வைட் ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தார். 1922இல் கட்டி முடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மிச்சிகன் அணியுடன் நடந்த திறப்பு விழா ஆட்டத்துக்கு எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம்! இன்று அங்கே 1,02,780 சீட்.

அதைவிட ஆச்சரியம் அந்த கேலரிக்கு அடியில் நடந்தது. 1933, பொருளாதாரப் பெருமந்தம் ஆட்டிப்படைத்த காலம். படிப்பில் கெட்டி, கையில் காசில்லை என்ற மாணவர்களுக்காக ஸ்டேடியத்தின் கோபுரப் பகுதியிலேயே விடுதி திறந்தார்கள். சமையலையும் துப்புரவு வேலையையும் மாணவர்களே பகிர்ந்துகொண்டு, குறைந்த செலவில் தங்கிப் படித்தார்கள். ஆட்டம் பார்க்கக் கட்டிய கான்கிரீட், ஏழைப் பிள்ளைகளுக்குக் கூரையாகவும் ஆனது. பெரிய ஸ்டேடியத்தின்மீது எனக்கு உள்ள மரியாதையில் பாதி இந்த ஒரு செய்தியால் வந்தது.

லூசியானாவில் கதை நேர் தலைகீழ்! அங்கே 1931இல் பல்கலைக்கழகத் தலைவரின் கையில் மாணவர் விடுதி கட்ட இரண்டரை லட்சம் டாலர் இருந்தது. டி.பி. ஹெர்ட் என்ற விளையாட்டு நிர்வாகிக்கோ ஸ்டேடியத்தைப் பெரிதாக்க வேண்டும், காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? “விடுதியை ஸ்டேடியத்துக்கு அடியிலேயே கட்டிவிடலாமே” என்று தலைவரை மசிய வைத்துவிட்டார். கீழே அறைகள் எழும்ப, அந்த அறைகளின் முதுகில் புதிய கேலரி ஏறியது. சுமார் 10,000 சீட் கூடிவிட்டது. பல பத்தாண்டுகள் மாணவர்கள் அங்கேயே தூங்கி எழுந்து வகுப்புக்குப் போனார்கள்.

டைகர் ஸ்டேடியம் என்ற அதே லூசியானா மைதானத்தில்தான் 1988 அக்டோபர் 8 இரவு, ஆபர்ன் அணிக்கு எதிராக ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் டாமி ஹாட்சன் எறிந்த பந்தை எடி ஃபுல்லர் பிடித்தார். லூசியானா அணி 7க்கு 6 என்று வென்றது. கூட்டம் எழும்பிக் குதித்த குதியில், வளாகத்தில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியின் ஊசியே ஆடிவிட்டது! இன்றுவரை அந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘நிலநடுக்க ஆட்டம்’.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பூமி தானாகவே நகர்கிறது. 1923இல் கட்டிய அந்தப் பல்கலைக்கழக ஸ்டேடியம் ஹேவர்ட் நிலப்பிளவின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது; பிளவு நீளவாக்கில் ஓடி, ஸ்டேடியத்தின் இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2012இல் முடிந்த புதுப்பிப்பில், பிளவின் மேல் வரும் பகுதிகளைத் தனித் துண்டுகளாக வெட்டி, நிலம் நகர்ந்தால் துண்டும் கூடவே நகரும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த வேலையில் சீட்டும் சுமார் எழுபத்திரண்டாயிரத்திலிருந்து அறுபத்து மூவாயிரமாகக் குறைந்தது. அங்கே சீட் கூட்டலாமா என்ற கேள்விக்கு நிலமே பதில் சொல்லிவிடுகிறது.

சீட் கூட்டியவர்களில் பென் ஸ்டேட் செய்த வேலையைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள். 1960இல் வளாகத்தின் ஒரு பக்கத்தில் இருந்த முப்பதாயிரம் சீட் எஃகு கேலரியை ஏறத்தாழ 700 துண்டுகளாகக் கழற்றி, சுமார் ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய் மறுபடி பூட்டி, கூடவே புதிய சீட்டுகளும் சேர்த்தார்கள். அதோடு விட்டார்களா? 1978இல் இன்னும் சீட் வேண்டும் என்று வந்தபோது, அந்த முழு கேலரியையும் பகுதி பகுதியாக அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்கினார்கள்! தூக்கியதால் கீழே கிடைத்த இடத்தில், ஓட்டப்பாதை இருந்த இடம் வரைக்கும், புதிய வரிசைகளை நுழைத்தார்கள். 60,203 ஆக இருந்தது 76,639 ஆனது. 2001இல் அது ஒரு லட்சத்து ஏழாயிரத்தைத் தாண்டியது. வீட்டின்மேல் மாடி எடுப்பார்கள், பார்த்திருக்கிறோம்; வீட்டைத் தூக்கிவிட்டுக் கீழே ஒரு தளம் சொருகுவதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் என்னைக் கேட்டால், இந்த எல்லாரையும்விட முன்யோசனைக்காரர் மிச்சிகனின் விளையாட்டு நிர்வாகி ஃபீல்டிங் யோஸ்ட்தான். அவர் 1927இல் ஆன் ஆர்பர் நகரில் திறந்த ஸ்டேடியத்துக்கு 72,000 சீட் என்று திட்டம். யோஸ்ட் மனத்தில் இருந்ததோ ஒரு லட்சத்துக்கும் மேல்! அனுமதி கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? பின்னொரு நாள் கேலரி உயரும்போது தாங்கும் அளவுக்கு அஸ்திவாரத்தை அப்போதே போட்டு வைத்தார். பணத்துக்கும் அரசின் கஜானாவைத் தேடிப் போகவில்லை. தலா 500 டாலர் கடன்பத்திரங்கள் விற்று, வாங்கியவர்களுக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமை கொடுத்தார்கள். செலவு 9,50,000 டாலர். யோஸ்ட் 1946இல் காலமானார். 1956இல் சீட் எண்ணிக்கை 1,01,001 ஆனது. கனவு கண்டவர் பார்க்காத நாளில் அவர் போட்ட அஸ்திவாரம் வேலை செய்தது!

அந்தக் கடைசி ‘1’ எதற்கு? அவருக்குப் பின் விளையாட்டுத் துறையை நடத்திய ஃப்ரிட்ஸ் கிரிஸ்லரின் நினைவாக ஒரு சீட் கூடுதலாம். அது எந்த சீட் என்று வெளியே சொல்வதே இல்லை. இன்று 1,07,601; அந்த ஒன்று இன்னும் கடைசியில் நிற்கிறது. 1975 நவம்பரிலிருந்து, கொரோனா ஆண்டான 2020ஐத் தவிர, அங்கே நடந்த ஒவ்வொரு சொந்த மண் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்குக் குறையாத கூட்டம். 2013இல் நோட்டர்டேம் அணி வந்தபோது 1,15,109 பேர்!

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இவ்வளவு பேர் உட்கார முடிவதற்குக் காரணம் பெஞ்ச். அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருப்பார்கள்; ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம். நவம்பர் குளிரில் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு தோளோடு தோள் இடித்துத்தான் உட்கார வேண்டும். அந்த பெஞ்சை எடுத்துவிட்டு முதுகு சாய்க்கும் நாற்காலி போட்டால் சீட் சட்டென்று குறைந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இடம் ஒதுக்கினாலும் குறையும். மிச்சிகனில் அப்படித்தான் நடந்தது. மாற்றுத்திறன் கொண்ட முன்னாள் படைவீரர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2008இல் சமரசமாகி, சக்கர நாற்காலி இடங்கள் வந்ததும் எண்ணிக்கை 1,06,201க்கு இறங்கியது. நாட்டிலேயே பெரியது என்ற பட்டம் இரண்டு சீசன் பென் ஸ்டேட்டிடம் போனது. போகட்டுமே! அதைவிடப் பெருமையான இறக்கம் எந்த ஸ்டேடியத்துக்கும் வந்ததில்லை என்பேன்.

சீட் கூட்டிய காலம் போய், இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது தெரியுமா? விதிவிலக்காக டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2013 முதல் 2015 வரை 485 மில்லியன் டாலர் கொட்டித் தன் கைல் ஃபீல்ட் ஸ்டேடியத்தை ஒரு லட்சத்துக்கு மேல் ஏற்றியது. மேற்கு கேலரியை 2014 டிசம்பரில் வெடி வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கிவிட்டு மறுபடி கட்டினார்கள். அங்கே மாணவர்கள் சீட்டில் உட்காருவதே இல்லை. 1922இல் காயங்களால் அணி தேய்ந்துகொண்டிருந்தபோது ஈ. கிங் கில் என்ற மாணவர் சீருடை மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் இறங்கத் தயாராக நின்றாராம். அதன் நினைவாக முழு ஆட்டமும் நின்றேதான் பார்க்கிறார்கள்!

ஆனால் பலர் குறைக்கிறார்கள். டென்னசியின் நேலண்ட் ஸ்டேடியம் 1921இல் வெறும் 3,200 சீட்டோடு தொடங்கி, அடுக்கு மேல் அடுக்காக வளர்ந்து 1,04,079 வரை போய், இப்போது 1,01,915. அலபாமா 2020இல் 1,01,821லிருந்து 1,00,077க்கு வந்தது. ஸ்டான்ஃபோர்ட் செய்ததுதான் உச்சம். 1985இல் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், 1994இல் உலகக்கோப்பை கால்பந்து எல்லாம் பார்த்த எண்பத்தைந்தாயிரம் சீட் ஸ்டேடியத்தை, 2005 சீசன் முடிந்த கையோடு இடித்து, அடுத்த சீசனுக்குள் 50,000 சீட்டில் புதிதாகக் கட்டி முடித்துவிட்டார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமோ 850 மில்லியன் டாலர் மதிப்பில் புது ஸ்டேடியம் கட்ட முடிவெடுத்தபோது, நாற்பத்தேழாயிரத்தை 35,000ஆகக் குறைத்தே திட்டம் போட்டது. செலவு கூடுகிறது, சீட் குறைகிறது!

ஏன் இப்படி? ஒன்று, வீட்டுத் தொலைக்காட்சி. பெரிய திரையும் சூடான சோறும் சோபாவும் இருக்கும்போது ஒன்றரை அடி பெஞ்சுக்கு யார் வருவார்கள் என்ற பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. வெற்றிமேல் வெற்றி குவித்த அலபாமாவிலேயே மாணவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறார்கள் என்று அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன் வருத்தப்பட்டுப் பேசினார். 2019இல் பல்கலைக்கழகம் ஒரு செயலியையே கொண்டுவந்தது. மாணவரின் கைபேசி இருக்கும் இடத்தை வைத்து, கடைசிக் கால் பகுதி வரை ஸ்டேடியத்தில் இருந்தால் புள்ளிகள். புள்ளிகள் கூடினால் பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை!

இரண்டாவது காரணம் காசு. ஆடம்பர அறைகளிலும் கிளப் சீட்டுகளிலும் வரும் வருமானத்துக்கு பெஞ்ச் ஈடாகாது. நல்ல சீட் வேண்டும் என்றால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடையும் கட்ட வேண்டும் என்பது இந்தக் கல்லூரிகளில் பழைய வழக்கம். அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிக் கழிவு கிடைத்துக்கொண்டிருந்தது. 2017 வரிச் சட்டம் அதை நிறுத்தியது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 20.5 மில்லியன் டாலர். உடம்பைப் பணயம் வைத்து ஆடுகிற பையன்களுக்குக் கூலி கிடைப்பது நியாயம், மிகத் தாமதமாக வந்த நியாயம். ஆனால் அந்தப் பணத்தைத் தேடி நிர்வாகிகளின் கண் முதலில் போவது மலிவு விலை பெஞ்சுகளின்மேல்தான் என்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

கல்லூரி ஸ்டேடியம் சீட்டால் ஆட்டத்தின் விதியே மாறிய கதை உண்டு! 1905இல் ஆட்டத்தில் உயிர்ப்பலி கூடி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வரை பிரச்சினை போனது. நெரிசலைக் குறைக்க மைதானத்தை அகலமாக்கலாம் என்று, ஆட்டத்தின் விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான வால்டர் கேம்ப் யோசனை சொன்னார். ஹார்வர்ட் 1903இல்தான் கான்கிரீட் ஸ்டேடியம் கட்டி முடித்திருந்தது. கேலரி நெருங்கி நின்றதால் மைதானத்தை அகலமாக்க வழியில்லை. அதனால் வேறு வழி தேடி, 1906இல் பந்தை முன்னோக்கி எறிவதை அனுமதித்தார்கள். இன்று அந்த ஆட்டத்தின் உயிரே அந்த எறிதல்தான்! அதே ஹார்வர்ட் 1929இல் எஃகு கேலரி சேர்த்து 57,000க்கு மேல் போய், 1951இல் அதைப் பிரித்து எடுத்தும் விட்டது. கூட்டியதைக் குறைக்கவும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே சீட் போடலாமா, வேண்டாமா? போடலாம் என்பது என் கட்சி, ஒரு நிபந்தனையோடு. போடுகிற புது வரிசையில் மாணவர்களும், மாதச் சம்பளத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உட்கார முடிய வேண்டும். சந்தேகம் இருந்தால் யோஸ்ட் செய்தது போல அஸ்திவாரத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். கண்ணாடி அறைகளுக்காக மட்டும் இடிப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நெப்ராஸ்காவைப் பாருங்கள். லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றதாகக் கணக்கு. 2021இல் டிக்கெட் மிஞ்சும் நிலை வந்தபோது, வசதியுள்ளவர்கள் பணம் கொடுத்து அந்த சீட்டுகளை வாங்கி, வசதியில்லாத சிறுவர் சிறுமியருக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 30 அன்று, அதே ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் பெண்கள் கைப்பந்து ஆட்டத்துக்குத் தளம் விரித்தார்கள். நெப்ராஸ்காவும் ஒமாஹாவும் மோதின. வந்தவர்கள் 92,003 பேர்! 1999 பெண்கள் உலகக்கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பௌல் ஸ்டேடியத்தில் திரண்ட 90,185 பேரின் அமெரிக்கச் சாதனை அன்று உடைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு டிக்கெட் விலை ஐந்தே டாலர்!