பழைய மொபெட் நின்றுவிட்டதா? கம்ப்யூட்டர் பழுதைப் போலவே தேடுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் மொபெட் ரிப்பேரா என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வரும் முதல் பயம், ‘நேற்று வரை வேலை செய்தது, இன்று பூட் ஆகவில்லையே, என்ன செய்வது?’ என்பதுதான். பழுதைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. இதனை ஆங்கிலத்தில் டிரபிள்ஷூட்டிங் என்பார்கள். இதைப் பழகிக் கொள்ளக் கம்ப்யூட்டரை விட எளிமையான இயந்திரம் ஒன்று நம்மில் பலர் வீட்டு வாசலில் நிற்கிறது. அதுதான் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்.

நம் ஊர் ஏ.டி.வி.

மணல், சேறு, மேடு பள்ளம் என எல்லா நிலத்திலும் ஓடும் வண்டியை வெளிநாடுகளில் ஆல் டெரெய்ன் வெஹிகிள், சுருக்கமாக ஏ.டி.வி. என்று அழைக்கின்றனர். 1970-ல் ஹோண்டா நிறுவனம் இதில் மூன்று சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியது. பின்னர் 1980களில் நான்கு சக்கர வண்டிகள் வந்தன. எங்கள் புவனகிரிப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வது மொபெட்தான். 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் இது. வெள்ளாற்றங்கரை மண் பாதையிலும் வயல் வரப்பிலும் உர மூட்டை, பால் கேன், நெல் மூட்டை என எதையும் சுமக்கும். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட எக்ஸ்எல் 100 வந்த பிறகும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஓய்வு பெறவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று உள்ளது. நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். ஊரில் அப்பாவுக்கு வயலுக்குப் போக அது ஒன்றுதான் வண்டி. களத்தில் நெல் கிடக்கும்போது மேகம் திரண்டால், தார்ப்பாயுடன் உடனே போயாக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்திற்கு மேல் போகக் கூடாது. வண்டி கிளம்பாத ஒரு மாலை நேரம் ஒரு போகத்தின் விலையையே பாதிக்கும். எனவே வீட்டில் ஒருவராவது பழுது பார்க்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்றே கேள்விகள்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் தேவை. ஸ்பார்க், சரியான பெட்ரோல்-காற்றுக் கலவை, கம்ப்ரெஷன். எந்தப் பழுதும் இந்த மூன்றில் ஒன்றில்தான் அடங்கும். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன், கம்ப்யூட்டரில் பவர் கார்டு செருகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதைப் போல, எளிதானவற்றை முதலில் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? பிளக் கேப் கழன்றிருக்கிறதா?

இவை சரி என்றால் நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. இந்த ஒரே சோதனையில் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

ஸ்பார்க் சோதனை: பிளக்கைத் துடைத்து அதன் கேப்பிலேயே மாட்டுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உலோகத்தில் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். அருகில் பெட்ரோல் கிண்ணமோ நனைந்த துணியோ இருக்கக் கூடாது. கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பளிச்சென்று நீல ஸ்பார்க் வந்தால் சரி. மஞ்சளாக மங்கித் தெரிந்தாலோ, வரவே இல்லை என்றாலோ முதலில் புதிய பிளக் போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கேப், ஒயர், காயில் என்று வரிசையாகச் செல்லுங்கள்.

பெட்ரோல் சோதனை: கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் டியூபைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பிடித்து டேப்பைத் திறங்கள். தடையின்றி ஓட வேண்டும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் திறந்தால் மறுபடி ஓடுகிறது என்றால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் சரியாக வந்தும் பிளக் உலர்ந்திருந்தால் கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கலாம். ஜெட்டைக் கழற்றி, கிளீனர் தெளித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். பல மாதங்கள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதனுடன் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் டியூப்களையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

கம்ப்ரெஷன் சோதனை: பிளக் துளையை விரலால் அழுத்தி மூடி, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விரலைத் தள்ளும் அளவுக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பிஸ்டன் ரிங் அல்லது கேஸ்கட் தேய்ந்திருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லையா?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலுடன் சேர்ந்தே எரிகிறது. எனவே சைலன்ஸரில் கரி படியும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் வண்டி மேட்டில் ஏறாது. சைலன்ஸரைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாலே பல வண்டிகளுக்கு உயிர் வந்துவிடும். ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள். ஆயிலை உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவில் மட்டும் கலக்கவும். லிட்டருக்கு 20 மி.லி. என்றால் 2 சதவீதம். அதிகமானால் கரி, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளத்தில் மூழ்கினால்

2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் உள்ளே பாகங்கள் வளையலாம். பிளக்கைக் கழற்றி, எஞ்சினை மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் வடித்து, புதிய பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிய பிறகே முயற்சி செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான். நனைந்த கம்ப்யூட்டரை ‘வேலை செய்கிறதா பார்க்கலாம்’ என்று ஆன் செய்யாதீர்கள். மின் இணைப்பை நீக்கி, முழுவதும் உலர்ந்த பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

‘வண்டி’ என்று ஒரு போல்டர் திறந்து கொள்ளுங்கள். அதில் எக்ஸெல் பைல் ஒன்றில் தேதி, அறிகுறி, செய்த மாற்றம், விளைவு என்று நான்கு காலங்கள் போதும். கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, தேதியைப் பெயராகக் கொடுத்து அதே போல்டரில் சேமியுங்கள். திரும்ப மாட்டும்போது எந்த நட் எங்கே என்ற குழப்பம் வராது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்டு உதவவும் இந்தப் பதிவு பயன்படும். நான் சென்னையிலிருந்து அப்பாவுக்கு வழி சொல்வது இப்படித்தான்.

ஒரு முக்கிய விதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிளக், ஜெட், காயில் மூன்றையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் பழுது எதில் இருந்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் மூன்றுக்கும் செலவு செய்வீர்கள். கம்ப்யூட்டரில் ஒரே நாளில் டிரைவர், ஆன்டிவைரஸ், ரேம் மூன்றையும் மாற்றுபவருக்கும் இதே நிலைதான்.

பிரேக், கிராங்க், பேரிங் போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். அப்போதும் உங்கள் எக்ஸெல் பைலை அவரிடம் காட்டுங்கள். ‘ஓடலைங்க’ என்பதற்கும் ‘ஸ்பார்க் நீலமாக இருக்கு, பெட்ரோல் வருது, கம்ப்ரெஷன் இல்லைங்க’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பில்லில் தெரியும்.