அரக்குப் போல இளகும் உலோகம்
ஹைதராபாத் லாட் பஜாரின் வளையல்காரர் அரக்கை உருக்கி ஊற்றுவதில்லை. கரி நெருப்பில் காட்டி, இளகியதும் உருட்டி வளைத்துக் கல் பதிக்கிறார். வழக்கமான உலோகம் அப்படி இளகிக் கொடுக்காது. உருகுநிலை வரை திடம், தாண்டினால் தண்ணீர். அதன் அணுக்கள் படிகங்களாக அடுக்கியிருப்பதுதான் காரணம். 1960இல் கலிஃபோர்னியாவில் போல் டுவே என்ற ஆய்வாளரின் குழுவினர் தங்க-சிலிக்கான் கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி கணக்கில் குளிர்வித்து, அணுக்கள் வரிசை கட்டுமுன்பே உறைய வைத்தார்கள். அதுவே உலோகக் கண்ணாடி. 1990களில் வந்த சிர்கோனியக் கலவைக்கு நொடிக்கு ஒரு டிகிரியே போதும். சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அரக்கேதான். அச்சில் அழுத்தினால் முடியைவிட மெல்லிய சக்கரப் பல்லும் பதியும். எஃகில் ஒரு படிகத் துகளே அந்தப் பல்லின் அளவுக்கு வந்துவிடலாம். இதில் துகளே கிடையாது.

கண்ணாடி என்றால் உடையாதா? கட்டியாக இருந்தால் இழுக்கும்போது சட்டென முறியும், உண்மைதான். மெல்லிய நாடாவோ வளைந்து கொடுக்கிறது. அதிக நேரம் சூட்டில் வைத்தால் படிகமாகிவிடுமே என்பார்கள். சிறு உறுப்பு சட்டெனச் சூடேறி சட்டென ஆறும். ஆக, இதன் குறைகளெல்லாம் பெரிய உருவத்தின் குறைகள். பாலம் கட்ட உதவாததே பற்சக்கரத்துக்குப் பொருந்துகிறது. சிர்கோனியம் கிடைக்குமா? 1971இல் தொடங்கிய ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகம் உலைக் குழாய்களுக்காகச் சிர்கோனியத்தைக் கையாண்டு பழகியது. விலையா? மில்லிகிராம் சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டும்? உண்மையான தொல்லை ஆக்சிஜன்: கொஞ்சம் கூடினாலும் படிகத்துக்கு அதுவே வித்து.