கையெழுத்துப் போடுவதற்கு முன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியோர்கள். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. பிதுரார்ஜித வீட்டை விற்பதென்பதே அக்காலத்தில் அபூர்வமாயிருந்தது போலும். இன்று அப்படியல்ல. ஓட்டப்பிடாரம் தாலுகாவைச் சேர்ந்த புதியம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஊருக்குள்ளே தையல் இயந்திரங்களின் ஓசை. ஆயத்த ஆடைத் தொழிலில் இரவு பகலாய் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு சொந்த வீடு வாங்க வேண்டும் என்பதே அங்குள்ள பல குடும்பங்களின் மனோரதம். ஆயுளில் ஒருமுறை செய்யும் இந்தக் காரியத்தில் தவறு நேர்ந்தால், பத்து வருஷத்துச் சம்பாத்தியம் கோர்ட்டு வாசலில் கரைந்துபோகும்.

கப்பலோட்டிய தமிழரான வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல் தொழிலை ஆரம்பித்தது இதே ஓட்டப்பிடாரத்தில்தான். வழக்கு முற்றிய பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதைவிட, பத்திரம் எழுதுமுன் ஒருமுறை அவரைப் பார்ப்பது மிகவும் மலிவு. அவரிடம் போகுமுன் நாமே தெரிந்துகொள்ளவேண்டிய விஷயங்கள் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

முன்பணம் கொடுத்துவிட்டால் வீடு நமதாகுமா?

ஆகாது. கிரய உடன்படிக்கை வேறு, கிரயப் பத்திரம் வேறு. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலங்களைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவே விற்க முடியும். உடன்படிக்கையோ, 'இன்ன தேதிக்குள் விற்கிறேன்' என்ற வாக்குறுதி மாத்திரமே. அந்த வாக்குறுதியையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. விற்பவர் வாக்குத் தவறினால், குறித்த கெடுவிலிருந்து மூன்று வருஷத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 'பவர்' பத்திரம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு, கிரயம் ஆகிவிட்டதாக நிம்மதியாயிருப்போரும் உண்டு. அவ்வகை ஏற்பாட்டினால் சொத்துரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்று சுத்தமாயிருந்தால் போதுமா?

போதாது. வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்துப் புத்தகங்களில் ஏறியவற்றைக் காட்டும் கண்ணாடி. புத்தகத்தில் ஏறாதது அதில் தெரியாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினை, கோர்ட்டில் நடக்கும் வழக்கு, கைமாற்றாக வாங்கிய கடனுக்காக ஒருவரிடம் கொடுத்து வைத்த மூலப் பத்திரம் ஆகிய இவையெல்லாம் அதன் பார்வைக்குத் தப்பக்கூடும். ஆகையால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். "அசல் எங்கேயோ இருக்கிறது, நகல் இதோ" என்று விற்பவர் சொன்னால், அந்த அசல் எந்தப் பெட்டியில் உறங்குகிறது என்று விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்கலாகாது. பத்திரம் பதிவாகிவிட்டதனாலேயே விற்றவரின் உரிமை உறுதியாகிவிட்டதென்றும் எண்ண வேண்டாம். விற்பவரின் பாத்தியதை மெய்யானதா என்று தீர்ப்புச் சொல்வது பதிவு அதிகாரியின் வேலையன்று. இதையும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பட்டா யார் பேரில்?

கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில் அமைந்தவை. நத்தம் பட்டாவில் உள்ள பெயரும், பத்திரத்தில் உள்ள பெயரும், வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஆனால் பட்டா வருவாய்த் துறையின் கணக்கே தவிர, அதுவே சொத்துரிமையாகிவிடாது. பத்திரமின்றிப் பட்டாவை மாத்திரம் காட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

நான்கு எல்லைகளையும் நேரில் நின்று அளந்து பார்ப்பது அவசியம். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதனால் சுவர் விரிசல் காணும், எல்லைக் கல்லும் சாய்ந்துவிடலாம். சந்தேகமிருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சர்வேயரைக் கொண்டு அளந்துகொள்வதே உத்தமம். மேலும், 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்கு முந்திய பழைய பத்திரங்களில் உள்ள எண்ணும் இன்றைய சர்வே எண்ணும் ஒன்றாக இராமலிருக்கலாம். இரண்டையும் பொருத்திப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

தங்கையின் கையெழுத்து எதற்கு?

வழக்குகளில் பெரும்பாலானவை முளைக்கும் இடம் இதுதான். ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் கட்டியது. உயில் எழுதாமல் காலமானார். மனைவியும், மகன்கள் இருவரும், கல்யாணமாகி வேற்றூர் சென்ற மகள் ஒருத்தியும் இருக்கிறார்கள். "சீர் செய்து அனுப்பிவிட்டோமே, அவளுக்கு இதில் என்ன பங்கு?" என்று அண்ணன்மார் தாங்களே கையெழுத்திட்டு விற்கிறார்கள். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அந்த வீட்டில் நாலில் ஒரு பங்கு மகளுடையது. தாயாரின் பங்கும் அவ்வளவே. சீர்வரிசை ஒருபோதும் பாகப் பிரிவினையாகாது. அண்ணன்மாரால் தங்கள் பங்கை விற்க முடியுமே தவிர, தங்கையின் பங்கை விற்க முடியாது. விலை முழுவதையும் கொடுத்தவர் முழு வீட்டையும் பெற்றவராகமாட்டார்.

பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்கு உரிமையுண்டு. தமிழ்நாடு 1989-ல் மணமாகாத பெண்களுக்கு அதை அளித்தது. 2005-ல் வந்த மத்திய சட்டம் மகள்கள் எல்லோரையும் மகன்களுக்குச் சமமாக்கியது. 2005-ல் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. ஆயினும் பெண் மக்களுக்குப் பங்குண்டு என்பது அங்கும் உண்மை. வாரிசுகளில் மைனர் இருந்தால், அக்குழந்தையின் பங்கை விற்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பாளாயின், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும். அதற்குமுன் அவள் பங்கின் விலையை அவளிடம் சொல்லிவிடுவதே நியாயம்.

செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 2. ஆக, பத்து லட்ச ரூபாய் வீட்டுக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய். பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைகிறது. தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவது சட்ட விரோதம். அது மாத்திரமல்ல, பின்னால் கிரயம் செல்லாதென்று ஆனால், பத்திரத்தில் எழுதாத பணத்தைத் திரும்பக் கேட்க ஆதாரம் ஏது? 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பாங்கு மூலம் கொடுப்பதே இருவருக்கும் க்ஷேமம்.

பதிவான பிறகு?

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவானதும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பவரும் அதுவரையிலான வரி பாக்கியைத் தீர்த்து, ரசீதுகளையும் பழைய பத்திரங்களையும் ஒப்படைத்துவிட வேண்டும்.

பத்திரம் வாசிப்பது ஆண்பிள்ளைகள் காரியம் என்று ஒதுங்கியிருக்கும் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தின் நகலைப் பதிவுக்கு முந்திய நாளே வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, எல்லோரும் கேட்க உரக்கப் படியுங்கள். பெயர், எல்லை, அளவு, விலை, கையெழுத்திட வேண்டியவர்கள் ஆகிய இந்த ஐந்திலும் பிழை இருந்தால், அன்று திருத்துவது சுலபம்.