ரூட்டாக நுழைந்ததும் முதல் வேலை

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற சொல் வந்து நிற்கும். சிற்றெழுத்தில் 'ரூட்' என்று அடித்து என்டரைத் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும். என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் பதறுவது இங்கேதான். "சார், கீபோர்டு வேலை செய்யல!" கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு நட்சத்திரக்குறிகூட வராது. பக்கத்தில் நிற்பவரால் அதில் எத்தனை எழுத்து என்றுகூட எண்ண முடியாது. யூனிக்ஸ் குடும்பத்தின் பழைய வழக்கம் இது. பயப்படாமல் அடித்து முடியுங்கள்.

உள்ளே போனதும், உங்களுக்குப் புது மெயில் வந்திருக்கிறது என்று ஒரு வரி தெரியும். இன்னும் யாருக்கும் முகவரி கொடுக்காத மெஷினுக்கு மெயிலா? அனுப்பியவர் தியோ டி ராட். கனடாவின் கால்கரி நகரில் 1995-ல் ஓபன்பிஎஸ்டி திட்டத்தைத் தொடங்கியவர். அவருடைய வரவேற்புக் கடிதம் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வந்து டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. 'மெயில்' என்று அடித்தால் படிக்கலாம்.

அந்தக் கடிதம் 'ஆஃப்டர்பூட்' என்ற கையேட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லும். 'மேன் ஆஃப்டர்பூட்' என்று அடியுங்கள். தேதி சரியா, மெஷினின் பெயர் சரியா, நெட்வொர்க் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கைபிடித்து அழைத்துப்போகும். புதிதாக வருபவர் மேல் இத்தனை அக்கறையோடு எழுதிய கையேடுகள் அபூர்வம். வீடியோ தேடும் முன் இதைப் படியுங்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது திரையில் # குறி தெரிகிறதா? நீங்கள் ரூட் என்று அதற்கு அர்த்தம். எந்த ஃபைலையும் அழிக்கும் உரிமை ரூட்டுக்கு உண்டு. அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி தப்பாக விழுந்தாலும் "நிஜமாகவா?" என்று மெஷின் கேட்காது, சொன்னதைச் செய்துவிடும். அதனால் அங்கேயே தங்காதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போதே உங்கள் பெயரில் கணக்கு திறக்காவிட்டால், 'அட்யூசர்' கட்டளையால் இப்போது திறந்து, நிர்வாகிகளுக்கான 'வீல்' குழுவில் சேருங்கள். 2015-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்து 'டூஆஸ்' என்ற சின்ன நிரல் கூடவே வருகிறது. அதன் கான்ஃபிக் ஃபைலில் வீல் குழுவுக்கு அனுமதி என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ரூட் உரிமை தேவைப்படும் கட்டளைக்கு முன்னால் மட்டும் 'டூஆஸ்' சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு 'எக்ஸிட்' கொடுத்து உங்கள் பெயரிலேயே நுழையுங்கள். # போய் $ வரும். டூஆஸ் மூலம் 'சிஸ்பேட்ச்' ஓட்டி, பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.